பெரியவர்களுக்கு சுகரா? முதலில் லோ சுகரைப் பற்றிப் பேசுங்கள்

என் மாமியாருக்கு 72 வயது. அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சுகர் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு இனிப்பைப் பற்றி புத்தி சொன்னார்கள். நான் முதலில் உட்கார்ந்து பேசியது சர்க்கரை இறங்குவதைப் பற்றி. ஏறினால் உடம்பைக் கெடுக்க பெரும்பாலும் வருஷக்கணக்காகும். இறங்கினால் வயதானவர்களை அப்போதே சாய்த்துவிடும்.

அத்தை சஷ்டி விரதத்தை விடமாட்டார். விடச் சொல்லிச் சண்டை போடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் சாப்பிடும் கிளிமெபிரைடு மாத்திரை, வயிறு காலியாக இருந்தாலும், சர்க்கரையை இறக்கும் இன்சுலினைக் கணையத்தைச் சுரக்க வைக்கும். "மாத்திரை உள்ளே போயிட்டா, இன்னைக்கு விரதமான்னு பார்க்காது அத்தை" என்றேன். சட்டென்று புரிந்துகொண்டார். விரத நாளில் எதைக் குறைப்பது, எதை விடுவது, விரதமே இருக்கலாமா என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். நாமாக முடிவு செய்யக் கூடாது.

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி வந்தால் உடனே விரலில் குத்தி, சுகர் மெஷினில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். பிஸ்கட் வேண்டாம், அது ஏற நேரமாகும். 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை கொடுங்கள். ஏறிய பிறகு சாப்பாடு. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பெரியவர்களுக்குச் சில சமயம் நடுக்கமே வராது, பேச்சு மட்டும் குழறும். வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

குத்துவதற்கு முன் கையைக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலோடு பார்த்தால் மெஷின் பொய்யாக ஏற்றிக் காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு.

மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பலருக்கு 7 சதவீதத்துக்குக் கீழே இருக்கச் சொல்வார்கள். தளர்ந்த பெரியவர்களுக்கு 8 வரை போதும் என்று டாக்டர்கள் விடுவதும் இந்த லோ சுகருக்குப் பயந்துதான். பக்கத்து வீட்டுக்காரரின் நம்பரோடு ஒப்பிட வேண்டாம். ரிப்போர்ட் நார்மல் என்றதும் "இனி மாத்திரை எதுக்கு?" என்பார்கள். நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான் என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று: சோற்றைக் குறைத்து, காயையும் பருப்பையும் கூட்டுங்கள். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே சுகரை ஏற்றும். கேழ்வரகுக் கூழுக்கும் அளவு உண்டு.

கால் விஷயத்தில் மட்டும் நான் கறார். சுகரால் உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சூடு தெரியாது. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரக் கல்லில் அத்தை சாக்ஸ் போட்டுத்தான் நடக்கிறார். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். சிறு கொப்புளம் என்றாலும் மறுநாளே ஆஸ்பத்திரி.

கண்ணின் விழித்திரையையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாத்திரை வாங்க அலைய முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.