இருபத்தெட்டும் ஒரு துணிப் பிரஷும்: வீட்டோடு இருக்கும் நோயாளிக்குப் பொழுதுபோக்கு வழியாகச் சிகிச்சை செய்யும் முறை

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையில் உள்ள தமிழ் வீடுகளில் பக்கவாதம் வந்து படுத்தவர்களைப் பார்க்கச் செல்லும் தொண்டர்களில் நானும் ஒருவன். கேரள அரசு 2008இல் வலிநிவாரணப் பராமரிப்புக்கெனக் கொள்கை வகுத்த பின், பஞ்சாயத்து வழியாகப் பாலியேட்டிவ் நர்ஸ் வீடு தேடி வருவது இங்கே பழகிப்போன காட்சியாகிவிட்டது. அவர் வந்து புண்ணைக் கழுவுவார், குழாயை மாற்றுவார். பிசியோதெரபி செய்பவர் வந்தால் அரை மணி நேரம் கையையும் காலையும் அசைத்துவிட்டுப் போவார். அதன் பிறகும் பகல் முழுவதும் நோயாளிக்கு முன்னால் அப்படியே கிடக்கும். அந்தப் பகலை என்ன செய்வது என்பதற்குத்தான் இந்த வழிமுறை.

தமிழில் பொழுதுபோக்கு என்கிறோம், மலையாளத்தில் நேரம்போக்கு என்கிறார்கள். இரண்டு சொல்லுமே நேரத்தைத் துரத்திவிட வேண்டிய பொருளாகப் பார்ப்பதால், இந்த வேலைக்கு அவை பொருந்தவில்லை என்பது என் எண்ணம். 1970களில் ஓய்வின் உளவியலை ஆராய்ந்த ஜான் நியூலிங்கர், ஒரு செயலை ஓய்வாக்குவது அந்தச் செயலின் வகையல்ல என்றார். ‘இதை நானாகத்தான் செய்கிறேன்’ என்று செய்பவர் உணர்வதையும், செயலுக்குள்ளேயே அவருக்குக் கிடைக்கும் நிறைவையும் நியூலிங்கர் அளவுகோலாக வைத்தார். பக்கவாதம் கையைப் பறிப்பதோடு நிற்பதில்லை. எப்போது எழுவது, எதைத் தின்பது, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்று எல்லாவற்றையும் பிறர் முடிவு செய்கிற நிலைக்கு ஆளைத் தள்ளிவிடுகிறது. ஆகவே இந்தச் சிகிச்சையில் முதலில் திருப்பித் தர வேண்டியது தேர்வு செய்யும் உரிமை. விளையாட்டு அதற்குப் பின்னால்தான் வரும். பொழுதுபோக்குச் சிகிச்சைத் துறையைச் சேர்ந்த ஸ்கவுட் கன், கேரல் பீட்டர்சன் இருவரும் வகுத்த முறையும் இதே போக்கில் மூன்று படிகளாகச் செல்கிறது. முதற்படியில் உடலையும் மனத்தையும் செயலுக்குத் தயாராக்குகிறோம், அடுத்த படியில் ஓய்வைப் பயன்படுத்தக் கற்றுத் தருகிறோம், மூன்றாவதில் அவர் தாமாகவே பங்கெடுக்கிறார். படி ஏற ஏற, நடத்துபவரின் கை தளர்ந்துகொண்டே வர வேண்டும்.

முதல் வேலை விசாரிப்பது. நான் தவறியதும் இங்கேதான். வலப்பக்கம் விழுந்து, பேச்சும் பாதியாகிப்போன ஒரு கடலை விவசாயிக்கு வண்ணப் பென்சிலும் படம் வரையும் நோட்டும் வாங்கிக்கொண்டு போனேன். அவர் நோட்டை ஒருமுறை பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பேரனுக்கு வாங்க வேண்டியதைத் தாத்தாவுக்கு வாங்கியிருந்தேன். உங்கள் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டாலும் இங்குள்ள உழவர் எவரும் பதில் சொல்ல மாட்டார். அப்படி ஒன்று தமக்கு இருந்ததாகவே அவர் நினைப்பதில்லை. அவருடைய மனைவியிடம், “ஏனுங்க அக்கா, அண்ணன் முன்னெல்லாம் சாயங்காலம் எங்கீங்க உக்காருவாரு? கூட யாருங்க இருப்பாங்க?” என்று கேட்ட பிறகே விஷயம் வெளிவந்தது. டீக்கடைத் திண்ணை, மூன்று கூட்டாளிகள், சீட்டு. இந்தக் கேள்விகளை நோயாளி வீட்டில் பேசும் மொழியிலேயே கேளுங்கள். மலையாளப் படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டால், ஆமாம், இல்லை என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது.

அடுத்தது, தேர்ந்த செயலைப் பிரித்துப் பார்ப்பது. சீட்டாட்டம் என்று பொதுவாக எழுதி வைத்தால் பயனில்லை. கேரளத்தில் பரவலாக ஆடப்படும் இருபத்தெட்டையே எடுத்துக்கொள்வோம். ஏழு முதல் ஆஸ் வரை 32 சீட்டுகள். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என எல்லா வகையிலும் கூட்டினால் 28 புள்ளி. முதல் நான்கு சீட்டைப் பார்த்ததும் ஏலம் கேட்க வேண்டும், துருப்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும், போன சீட்டுகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், எதிரே அமர்ந்த கூட்டாளியின் மனத்தைப் படிக்க வேண்டும். ஆக, கணக்கு, நினைவு, கவனம், பேச்சு, முதுகு நிமிர்ந்து உட்காரும் பலம், எட்டு சீட்டை விரித்துப் பிடிக்கும் கை ஆகிய அனைத்தையும் இந்த ஆட்டம் கேட்கிறது. நம்மவரிடம் கணக்கு பழுதில்லாமல் இருந்தது. கையும் வாயும்தான் தடை.

தடையை விலக்கும்போது ஆட்டத்தை எளிதாக்கிவிடக் கூடாது. துணி துவைக்கும் பிரஷை மல்லாத்தி, நார் மேல்நோக்கி இருக்குமாறு மேசையில் வைத்தால், நார்களுக்கு நடுவே சீட்டுகள் விரித்த விசிறி போல நிற்கும். இடக்கையால் உருவிப் போடலாம். பிரஷின் கட்டை நகராமல் இருக்க, வலுவிழந்த வலக்கையை அதன் மேல் வைக்கச் செய்தோம். அந்தக் கைக்கும் அதனால் ஒரு வேலை கிடைத்தது. ஏலம் கேட்க, 14 முதல் 28 வரை பெரிதாக எழுதிய அட்டையில் விரலால் தொட்டால் போதும் என்றோம். பேச்சு போனவர்களில் சிலருக்கு எண்ணை அறிவதும் குழம்பும் என்பதால், அதை முதலிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். விதிகளில் கை வைக்க வேண்டாம், இரக்கப்பட்டுத் தோற்றுக் கொடுக்கவும் வேண்டாம். சவால் திறமையை மிஞ்சினால் பதற்றம், திறமைக்குக் குறைந்தால் சலிப்பு என்று உளவியலாளர் மிகாய் சிக்சென்ட்மிகாய் 1975இல் எழுதியதை, கூட்டாளி வேண்டுமென்றே துருப்பை விட்டுக்கொடுத்த அன்று நம்மவர் முகம் சுருங்கியதில் நேரில் கண்டேன்.

இலக்கை அளக்கக்கூடியதாக எழுதுங்கள். ‘மகிழ்ச்சியாக இருக்க வேண்டும்’ என்பது இலக்காகாது. ‘நான்கு வாரத்துக்குள் சாயாமல் அமர்ந்து மூன்று ஆட்டம் முடிக்க வேண்டும்’ என்பது இலக்கு. குறிப்பேட்டில் அன்றன்று எத்தனை ஆட்டம், எப்போது களைத்தார், தாமாக என்ன கேட்டார் என்பவற்றை மட்டும் பதியுங்கள். தொடக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். தலைசுற்றல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் தெரிந்தால் உடனே நிறுத்தி நர்ஸிடம் சொல்லுங்கள். காசு வைத்து ஆடுவதற்கு இடம் தராதீர்கள். கள்ளுக்குப் பேர்போன ஊர் இது என்பதால், குடியால் கெட்டவராக இருந்தால் பழைய கூட்டாளிகளில் யாரை அழைப்பது என்பதையும் வீட்டாரோடு யோசித்தே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

மறதி நோய் உள்ளவர்களுக்கு இதே முறை வேறு வடிவம் எடுக்கும். பல்லாங்குழி ஆடிய ஒரு பாட்டி புளியங்கொட்டையை வாயில் போட்டுக்கொள்ளத் தொடங்கியபோது குழியையும் கொட்டையையும் அகற்றிவிட்டு, யாராவது அருகில் இருக்க, அவர் கேட்டுக்கொண்டே இருந்த கடலை உரிக்கும் வேலையைத் தந்தோம். அதை வேலை என்று நாம் சொல்லலாம். அவர் அதைத் தேர்ந்துகொண்டார், மற்றவர்களோடு அமர்ந்து உரித்தார், போதும் என்றபோது முறத்தைத் தள்ளிவிட்டார்.

கடைசிக் கட்டம் நாம் விலகுவது. வீட்டு ஆட்டம் நிலைபெற்றதும் அதைத் திண்ணைக்குத் திரும்பக் கொண்டுசெல்லும் வழியைத் தேட வேண்டும். நம்மவரின் டீக்கடைக்கு இரண்டு படி, மொத்த உயரம் ஓர் அடி. சக்கர நாற்காலிச் சரிவுக்கு ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது பொதுக் கணக்கு. பன்னிரண்டு அடி நீட்டினால் சரிவு ரோட்டில் போய் முடியும். கடைக்காரரிடம் பேசினோம். சாயங்காலம் நான்கு மணிக்கு அவர் ஒரு பெஞ்சை எடுத்து வேப்பமரத்தடியில் போடுகிறார். கூட்டாளிகள் மூவரும் படியிறங்கி வந்துவிடுகிறார்கள், பிரஷ் கடையிலேயே இருக்கிறது.