விரல் முதலில், மற்றதெல்லாம் அப்புறம்: விண்டோஸிலிருந்து லினக்ஸ் மிண்டுக்கு மாறுகிறவர்களுக்கு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் மெஷினில் இருக்க வேண்டும். பழைய லேப்டாப் பலவற்றில் அது கிடையாது. அதனால் புதிதாக வாங்குகிறவர்களில் சிலர், விண்டோஸ் இல்லாமல் கொஞ்சம் குறைந்த விலைக்குக் கிடைக்கும் லேப்டாப்பை எடுத்து, அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான்; லினக்ஸில் மிண்ட் என்ற வகையைப் போட்டேன். கோத்தகிரியில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை ஊட்டி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்கு மனு, பட்டா மாறுதல் விண்ணப்பம், காட்டுமாடு தோட்டத்துக்குள் புகுந்த புகார், பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டு விவசாயிகள் சேர்ந்து எழுதும் கடிதம், கல்யாணத்துக்குப் பார்க்கிற பையனின் பயோடேட்டா, எல்லாம் அடிப்போம். எங்களுக்கு லேப்டாப் என்றால் முக்கால்வாசி தமிழ் டைப்பிங்தான். அந்தக் கண்ணோட்டத்திலேயே இதை எழுதுகிறேன்.

புது சிஸ்டம் வந்ததும் எல்லோரும் முதலில் வால்பேப்பர் மாற்றுகிறார்கள். குடி போகிற வீட்டில் முதலில் அடுப்பை வைத்துப் பால் காய்ச்சுவோமா, ஷோகேஸ் பொம்மையை அடுக்குவோமா? நாள் முழுக்க விரல் எந்த வேலையைச் செய்கிறதோ அதை முதலில் சரிசெய்யுங்கள். அடுத்து கோப்பு, அதற்கடுத்து பிரிண்டர். அழகு பார்க்க நிறைய நாள் இருக்கிறது.

மாறுவதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் உங்கள் வேலைகளை எழுதிப் பாருங்கள். டேலி இருக்கிறதா? அது விண்டோஸுக்கு என்று செய்யப்பட்டது. லினக்ஸில் நேராக ஓடாது. பேஜ்மேக்கர், கோரல்டிரா இரண்டும் அப்படியே. டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கைரேகைக் கருவி வைத்திருந்தால் லினக்ஸ் டிரைவர் உண்டா என்று விற்றவரிடம் முதலிலேயே கேளுங்கள். பிழைப்பே டேலியில்தான் என்றால் மாறாதீர்கள், அவ்வளவுதான். இலவசம் என்பதற்காக கணக்கு வேலையை நிறுத்த முடியாது. பாதி வேலைக்கு மட்டும் விண்டோஸ் வேண்டுமென்றால் பழைய லேப்டாப்பை அந்தப் பாதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரே மெஷினில் இரண்டையும் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். முடியும், ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். சின்ன உதாரணம், கடிகாரம். மெஷினுக்குள் இருக்கும் கடிகாரத்தில் விண்டோஸ் நம்மூர் நேரத்தை வைக்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் நேரம் ஐந்தரை மணி பின்னால் போய் நிற்கலாம். சரிசெய்ய வழி இருக்கிறது. ஆனால் முதல் வாரத்திலேயே இப்படி ஒன்று வந்தால் ஆள் பயந்துவிடுவார். தவிர, இரண்டும் பக்கத்தில் இருந்தால் கை தெரிந்த பக்கம்தான் போகும்; புதுசு பழகவே பழகாது.

மிண்டை இன்ஸ்டால் செய்வதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். கிட்டத்தட்ட 3 ஜிபி டவுன்லோடு. இங்கே நெட் இருக்கும் லட்சணத்துக்கு ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவது நல்லது. பென்டிரைவில் ஓடும்போதே வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, டச்பேட் வேலை செய்கிறதா, மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை வரவில்லையென்றால் போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, போனின் நெட்டைப் பகிரும் டெதரிங்கைப் போடுங்கள். பெரும்பாலும் உடனே நெட் வந்துவிடும். மிண்டில் இருக்கும் டிரைவர் மேனேஜர் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இன்ஸ்டால் ஆனதும் தமிழ்

விண்டோஸில் தமிழ் அடிக்க என்எச்எம் ரைட்டரோ இ-கலப்பையோ வைத்திருந்திருப்பீர்கள். இங்கே அந்த வேலையை ஐபஸ் என்ற மென்பொருள் செய்கிறது. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்று (ஆங்கில எழுத்தில்தான்: ibus-m17n) தேடி இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு மெனுவில் உள்ள இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக்அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள். ஐபஸ் பிரிஃபரன்ஸில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஃபோனெடிக், இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர் என்று பட்டியல் வரும். மிண்ட் பதிப்புக்குப் பதிப்பு இந்த அமைப்புகள் இருக்கும் இடம் கொஞ்சம் மாறும். பெயரைத் தேடினால் கிடைத்துவிடும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. கீபோர்டு லேஅவுட் என்ற இன்னொரு பட்டியலிலும் தமிழ்நெட் 99 என்று தெரியும். அதைச் சேர்த்துவிட்டு, "அக்கா, எழுத்து வருது, ஆனா புள்ளி வைக்கவே மாட்டேங்குது" என்று பலர் கேட்கிறார்கள். அந்தப் பட்டியலில் இருப்பது எந்த விசையில் எந்த எழுத்து என்பதை மட்டும் மாற்றும். தமிழ்99-இன் அருமையே தானாகப் புள்ளி விழுவதில் இருக்கிறது: அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் 'அம்மா' வந்துவிட வேண்டும், ந-வுக்குப் பின் த தட்டினால் 'ந்த' ஆக வேண்டும். முன் எழுத்தைப் பார்த்து முடிவெடுக்கும் அந்த அறிவு எம்17என் வழியாக வரும் தமிழ்99-இல்தான் உண்டு. அதையே எடுங்கள்.

டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களுக்கு டைப்ரைட்டர் முறை இருக்கிறது; கையை மாற்ற வேண்டாம். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வரவழைக்கிறவர்களுக்கு ஃபோனெடிக். ஆனால் எந்த முறையிலும் கை ஊறாதவர், எப்படியும் புதிதாகத்தான் பழகப் போகிறேன் என்பவர், இந்தச் சாக்கில் தமிழ்99-க்கே போய்விடுங்கள். 1999-இல் அரசு ஏற்ற விசைப்பலகை அது. உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய்யில் பெரும்பாலானவை வலது கைக்கு. நடு வரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. இந்த வரிசை கைக்கு வந்துவிட்டால் ஒரு மனுவில் பாதி வந்துவிடும்.

தமிழும் ஆங்கிலமும் மாற்ற சூப்பர் கீயும் ஸ்பேஸும். சூப்பர் என்றால் பயப்பட வேண்டாம், விண்டோஸ் படம் போட்ட அதே விசை. ஆல்ட் கீயோடு எண்ணை அழுத்தி மாற்றிப் பழகியவர்கள் ஐபஸ் அமைப்பிலேயே இந்தச் சேர்க்கையை மாற்றிக்கொள்ளலாம். கடையில் வேலைக்கு இருக்கும் பெண்ணுக்கு முதல் வாரம் இதை மட்டும்தான் கொடுத்தேன். வேறு எந்த அமைப்பையும் தொடவிடவில்லை. பழைய மனு ஒன்றை எடுத்து வைத்து, அப்படியே அடி என்றேன்.

பழைய கோப்புகள் பேசும் பாஷை

பழைய லேப்டாப்பிலிருந்து மனு மாதிரிகளைக் கொண்டுவந்து வேர்டுக்குப் பதிலாக இங்கே இருக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் திறந்தால், பாதி ஆங்கில எழுத்துக் கிறுக்கலாகத் தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை. பாமினி, வானவில் போன்ற பழைய ஃபாண்ட்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டிவைத்தவை. ஃபாண்ட் இல்லாத மெஷினில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து அப்படியே வெளியே தெரிகிறது. பழைய மெஷினின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்தக் கோப்பை எடுத்துவந்து, டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் அழுத்துங்கள், தமிழ் திரும்பிவிடும்.

ஆனால் அதை பிரிண்ட் எடுக்கும் வரைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மெஷினிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசே 2010-இல் ஏற்றுவிட்டது. மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் மாதிரிகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுவதுதான் நல்லது. மாற்றித்தரும் கன்வெர்ட்டர்கள் இணையத்தில் இருக்கின்றன. ஒரே எச்சரிக்கை: நடுவில் ஆங்கிலம் கலந்த பத்தியை அப்படியே போட்டால், சர்வே நம்பர் பக்கத்தில் இருக்கும் ஆங்கில எழுத்தையும் அது தமிழாக்கிக் கொத்துக்கறி போட்டுவிடும். தமிழ்ப் பகுதியை மட்டும் வெட்டி வெட்டி மாற்றுங்கள்.

யூனிகோடில் இருக்கும் கோப்பிலும் ஒரு தொல்லை உண்டு. லதா, நிர்மலா இரண்டும் விண்டோஸின் ஃபாண்ட்கள். இங்கே அவை இல்லாததால் வேறொன்று வந்து உட்காரும், அகலம் மாறும், ஒரு பக்க மனு கையெழுத்து வரியை மட்டும் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி எல்லா இடத்திலும் கிடைக்கும் ஃபாண்டுக்கு மாதிரிகளை மாற்றி, அளவை ஒருமுறை சரிபார்த்து வையுங்கள். வெளியே அனுப்புவதை பிடிஎஃப் ஆக்கியே அனுப்புங்கள்.

ரைட்டரில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் எழுத்துக்கும் ஆங்கில எழுத்துக்கும் அது தனித்தனி ஃபாண்ட், தனித்தனி அளவு வைத்திருக்கிறது. ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புக்குப் போய் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை டிக் செய்தால்தான் இரண்டும் கண்ணுக்குத் தெரியும். முதலில் எரிச்சலாக இருக்கும். ஸ்டைலில் ஒருமுறை அமைத்துவிட்டால், நடுவில் ஆங்கிலத்தில் முகவரி அடித்தாலும் அது தன் ஃபாண்டிலேயே வரும். எனக்கு இது வேர்டைவிடப் பிடித்துப்போனது. மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டிய கோப்பை வேர்ட் வடிவத்தில் சேமிக்க மறக்காதீர்கள்.

சி டிரைவ், டி டிரைவ் இங்கே கிடையாது. ஹோம் என்று ஒரு வீடு, அதற்குள் டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ். ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. ஒரே பெயரில் இரண்டு கோப்பு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பேசாமல் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் வையுங்கள். பென்டிரைவை எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கக்கூடாது. காப்பி முடிந்ததாகத் திரையில் தெரிந்தாலும் பின்னால் எழுதிக்கொண்டே இருக்கலாம். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென்டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி இருக்குமே, அந்த வைரஸ், அது இங்கே ஓடாது. ஒளித்துவைத்த உண்மை ஃபோல்டரும் பெரும்பாலும் பளிச்சென்று தெரியும். எங்கள் கடைக்கு இதற்கென்றே ஆள் வருகிறார்கள்.

பிரிண்டரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. புதிய வைஃபை பிரிண்டர்கள் டிரைவர் கேட்காமலே சேர்ந்துவிடுகின்றன. எச்பி பிரிண்டர்களுக்கு எச்பிலிப் என்று தனி மென்பொருளே இருக்கிறது. பழைய லேசர் பிரிண்டர்களில் சில பிடிவாதம் பிடிக்கும். மாறுவதற்கு முன் உங்கள் மாடல் எண்ணை ஓபன்பிரிண்டிங் தளத்தில் தேடிப் பாருங்கள். ஸ்கேனுக்கு டாக்குமெண்ட் ஸ்கேனர் போதும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் பேப்பர் கட்டு ஈரம் இழுத்து, இரண்டு இரண்டாக உள்ளே போய்ச் சிக்கும். அந்தப் பழியை லினக்ஸ் மேல் போடாதீர்கள். பேப்பரை உறையிலிருந்து வேண்டிய அளவு மட்டும் எடுங்கள்.

அப்டேட் மேனேஜர் நம்மைக் கேட்டுத்தான் அப்டேட் போடும், நடு வேலையில் மெஷினைத் தானாக ரீஸ்டார்ட் செய்யாது. எவ்வளவு எம்பி என்பதும் முன்னாலேயே தெரியும். மெதுவாக வந்தால் சாஃப்ட்வேர் சோர்ஸஸில் வேறு மிரரை, அதாவது அதே அப்டேட்டைத் தரும் வேறு சர்வரை, தேர்ந்தெடுங்கள். முதல் அப்டேட்டுக்கு முன் டைம்ஷிஃப்ட்டைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். ஏதாவது குளறுபடி ஆனால் சிஸ்டம் முன்பிருந்த நிலைக்குத் திரும்பும். அது சிஸ்டத்துக்கு மட்டும்தான். உங்கள் கோப்புகளை அது எடுத்துவைக்காது, அவற்றைத் தனியாக வேறு டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். காற்றடித்து மரம் விழுந்தால் எப்போது கரண்ட் வரும் என்று தெரியாத ஊரில் இருக்கிறோம். பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கும்போது அப்டேட்டைத் தொடாதீர்கள்.

மீதியெல்லாம் சில்லறை. கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி, ஆல்ட் டேப் அப்படியே இருக்கின்றன. கட்டளையை அடித்து வேலை வாங்கும் ஜன்னலான டெர்மினலில் மட்டும் காப்பிக்கும் பேஸ்ட்டுக்கும் ஷிஃப்டும் சேர வேண்டும். திரையைப் பூட்ட கண்ட்ரோல், ஆல்ட், எல். டச்பேட் உருட்டும் திசை தலைகீழாக இருந்தால் மவுஸ் அமைப்பில் ஒரு டிக்கில் மாறும். வாட்ஸ்அப்பை பிரவுசரிலேயே திறந்துகொள்ளுங்கள். டெர்மினலைக் கற்றுக்கொண்டால்தான் லினக்ஸ் என்று யாராவது தம்பி சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

பழைய லேப்டாப்பை டேலிக்கோ வேறெதற்கோ வைத்துக்கொள்வதென்றால் நெட்டில் இணைக்காமல் வையுங்கள். விற்கப் போகிறீர்களென்றால், முக்கியமாக எங்களைப் போலக் கடைக்காரர்கள், கோப்பை அழித்து ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால் போதும் என்று நினைக்கக்கூடாது. ஊரார் ஆதார், ரேஷன் கார்டு, பட்டா எல்லாம் அதில் ஸ்கேனாகக் கிடக்கும். மிண்ட் பென்டிரைவில் அதை ஓட்டி, டிஸ்க்ஸ் செயலியைத் திறந்து, பழைய ஹார்டு டிஸ்க் எது என்று இரண்டு முறை பார்த்துத் தேர்ந்தெடுத்து, ஃபார்மேட்டில் பழைய தகவல் மேல் பூஜ்யம் எழுதும் தேர்வைக் கொடுங்கள். மணிக்கணக்கில் ஓடும். கடையைச் சாத்தும்போது சார்ஜரைச் சொருகிப் போட்டுவிட்டுப் போனால் காலையில் முடிந்திருக்கும்.