பேரன் தவழ்ந்து வருவதற்குள்

மகள் எட்டு மாதப் பேரனோடு பெங்களூரிலிருந்து வந்து ஒரு மாதம் தங்கப் போகிறாள் என்றதும் என் மனைவி முறுக்குக்கு மாவு அரைக்கக் கிளம்பினாள். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

மதுரையில் வயரிங் வேலை பார்த்து ஓய்ந்தவன் நான். எங்கள் தொழிலில் "கவனமாக இருந்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு யாரும் வேலையை முடிப்பதில்லை. எர்த் போடுகிறோம், கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக அணையும் எம்.சி.பி. சுவிட்ச் வைக்கிறோம். மனுஷனுக்குக் கவனம் தப்பும் என்று தெரிந்துதான் இத்தனையும். குழந்தை இருக்கிற வீட்டுக்கும் அதே கணக்குதான். நாலு பெரியவர்கள் இருந்தால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பார்கள். அந்த நேரத்திலும் வீடு குழந்தையைக் காப்பாற்ற வேண்டும்.

முதலில் மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். எம்.சி.பி. மட்டும் இருந்தால் போதாது. அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. கரண்ட் தரைக்குக் கசிந்தால் உடனே அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். பழைய ஆட்கள் இ.எல்.சி.பி. என்பார்கள். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். அழுத்தியதும் கரண்ட் போக வேண்டும். போகவில்லையா, அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். ஆனால் இது இருக்கிறதே என்று பிளக் பாயிண்ட்டைத் திறந்து போடக் கூடாது. குழந்தை இரண்டு ஓட்டையிலும் ஒரே நேரத்தில் கம்பியை விட்டால் கரண்ட் தரைக்குக் கசியாமலே உடம்பில் பாயலாம்; அப்போது ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகாது. அதனால் முழங்கால் உயரத்தில் இருக்கும் பாயிண்ட்டை எல்லாம் பிளக்கைச் செருகினால் மட்டும் ஓட்டை திறக்கிற, ஷட்டர் வைத்த சாக்கெட்டாக மாற்றிவிடுங்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் மூடி எனக்குப் பிடிப்பதில்லை. பிள்ளை அதைப் பிடுங்கி வாயில் போட்டால் அது இன்னொரு ஆபத்து.

சார்ஜர் வயரை போன் இல்லாமல் தொங்க விடாதீர்கள், அதன் நுனி நேராக வாய்க்குத்தான் போகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் வைக்காதீர்கள். வாளியில் ஹீட்டர் ராடு போட்டு வெந்நீர் வைக்கும் பழக்கத்தைக் குழந்தை போகும்வரை நிறுத்திவிடுங்கள்.

கரண்டைவிட எனக்குப் பயம் தண்ணீர். சின்னக் குழந்தைக்குத் தலைதான் கனம். வாளிக்குள் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானாக எழ முடியாது, கத்தவும் முடியாது. அடியில் நாலு விரல்கடைத் தண்ணீர் கிடந்தாலே உயிர் போய்விடும். குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். பாத்ரூம் கதவுக்கு வெளியே, உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். உள்ளே கீழ்த் தாழ்ப்பாள் இருந்தால் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நடக்க ஆரம்பித்ததும் பிள்ளை உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். தரைத்தொட்டி மூடிக்குப் பூட்டு கட்டாயம். கல்லை ஏற்றி வைப்பது எல்லாம் பூட்டு ஆகாது.

சமையலறை வாசலில் இடுப்புயரத் தடுப்பு ஒன்று வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சோறு வடிக்கும் கஞ்சி, இறக்கிய சாம்பார், அரிவாள்மனை எதுவும் தரையில் இருக்கக் கூடாது. மீறிச் சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மாவு எதையும் பூச வேண்டாம்.

அடுத்தது விஷம். பினாயில், ஆசிட் என்றால் எல்லோருக்கும் தெரியும். சாமி அலமாரியை யாரும் யோசிப்பதில்லை. கற்பூரம் பார்க்கக் கல்கண்டு மாதிரி இருக்கும். சிறு கட்டி உள்ளே போனாலே வலிப்பு வரலாம். அந்துருண்டையும் விஷம்தான், பீரோவின் கீழ்த் தட்டில் போடாதீர்கள். எங்கள் அத்தை வெற்றிலை போடுவார். அவருடைய சுண்ணாம்பு டப்பா இப்போது லாஃப்டில் இருக்கிறது. அவருக்குக் கோபம்தான், சரி, இருக்கட்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகும்; பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் நிறையக் கழுவிவிட்டு உடனே கண் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மண்ணெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் இறங்கிவிடும். வாசலில் அரளி, காட்டாமணக்கு நின்றால் விதை உதிரும் இடத்தைப் பெருக்கிக்கொண்டே இருங்கள்.

ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கிற பட்டன் பேட்டரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள் அதை அரித்துவிடும். மலத்தில் வந்துவிடும் என்று காத்திருக்கக் கூடாது. ஸ்க்ரூ போட்டு மூடாத பொம்மையை வீட்டுக்குள் விடாதீர்கள்.

வேர்க்கடலை, பொட்டுக்கடலை, புளியங்கொட்டை, முழுத் திராட்சை எல்லாம் மூச்சுக்குழாயை அடைக்கும். பாட்டிமார் கையில் மாட்டும் வளையலோடு ஊக்கும் தொங்கும். அதைக் கழற்றச் சொல்லுங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு மூச்சடைத்து, இருமவோ அழவோ முடியவில்லை என்றால், தலை கீழாகத் தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வரவில்லையா, திருப்பிப் போட்டு மார்பின் நடுவில் ஐந்து அழுத்து. பொருள் வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள், இன்னொருவர் 108-க்கு போன் செய்யட்டும். கண்ணுக்குத் தெரியாமல் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளேதான் போகும்.

சேலைத் தொட்டில் கட்டலாமா என்று மகள் கேட்டாள். குழந்தை எழுந்து உட்கார ஆரம்பித்துவிட்டால் தொட்டிலை அவிழ்த்துவிட வேண்டும் என்றேன். துணி கழுத்தில் சுற்றும், எட்டிப் பார்த்தாலும் விழும். பாயில் படுக்கட்டும். சக்கரம் வைத்த வாக்கரும் வேண்டாம். கனடாவில் 2004-லேயே அதன் விற்பனைக்குத் தடை போட்டுவிட்டார்கள். அப்புறம், நிற்கத் தொடங்கியதும் தள்ளிக்கொண்டு போக நம்ம மர நடைவண்டி இருக்கிறது. பக்கத்தில் ஆள் இருந்தால் போதும், படிக்கட்டு மட்டும் கிட்டத்தில் இருக்கக் கூடாது.

பீரோவையும் டிவி ஸ்டாண்டையும் சுவரோடு எல்-கிளாம்ப் அடித்து இறுக்குங்கள். பால்கனிக் கம்பிக்குப் பக்கத்தில் நாற்காலி, பூந்தொட்டி எதுவும் வேண்டாம்.

இத்தனையும் செய்த பிறகு சொந்தக்காரர்கள் குழந்தையைப் பார்க்க வருவார்கள். ஹேண்ட்பேக்கில் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, சில்லறைக் காசு எல்லாம் இருக்கும். அதைச் சோபாவில் வைத்துவிட்டுத்தான் குழந்தையைத் தூக்குவார்கள். வாசலிலேயே வாங்கி பீரோ மேலே வைத்துவிடுங்கள், வந்தவர் சம்பந்தியாக இருந்தாலும் சரி.