உகாண்டாவில் பட்வா, பகிகா மக்களின் மரபுகளை நேரில் அறிவது எப்படி

தென்மேற்கு உகாண்டாவுக்குச் செல்வோரில் பெரும்பாலோர் மலைக் கொரில்லாக்களைப் பார்த்துவிட்டு, கடைசி மாலையில் ஒரு மணி நேர நடனத்தோடு அப்பகுதி மக்களைப் பற்றிய அறிதலை முடித்துக்கொள்கின்றனர். பட்வா, பகிகா ஆகிய இரு மக்களுக்கும் ஆளுக்கொரு முழு நாளையாவது ஒதுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

புறப்படுமுன் ஒரு செய்தியை மனத்தில் கொள்ளுங்கள். காட்டில் வேட்டையாடியும் தேனும் கிழங்கும் சேகரித்தும் வாழ்ந்த பட்வா மக்கள், 1991ஆம் ஆண்டில் புவிண்டி, முகாகிங்கா காடுகள் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டபோது, தங்கள் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டனர். நிலமற்றுப்போன அவர்களில் பலர் பகிகா உள்ளிட்ட அண்டை உழவர்களின் வயல்களில் கூலி வேலை செய்து பிழைக்க நேர்ந்தது. எனவே ஒரே மலைச்சரிவில் வாழ்ந்தாலும் இவ்விரு மக்களின் நிலை ஒன்றன்று.

தலைநகர் கம்பாலாவிலிருந்து சாலை வழியே சுமார் 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கபாலே நகரை அடைய ஒரு பகல் முழுவதும் ஆகும். இதுவே பகிகா மக்களின் நாடு. மலையுச்சி வரை ஏறிச் செல்லும் படிக்கட்டு வயல்களில் சோளமும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. சோளத்திலிருந்து செய்யும் புஷேரா என்ற புளித்த பானத்தைக் கொடுத்தால் மறுக்காதீர்கள். தரை அதிரக் குதித்தாடும் எகிசினோ நடனத்தைப் பார்ப்பதோடு, எங்கோசி என்னும் தூக்குக் கட்டிலைப் பற்றியும் கேளுங்கள். நோயாளியை அதில் கிடத்தி ஊரார் முறைவைத்துச் சுமந்து செல்ல, அதற்கெனச் சங்கங்களே தோன்றின. அருகிலுள்ள புன்யோன்யி ஏரியில் படகில் சென்றால், மணமாகாமல் கருவுற்ற பெண்களை முற்காலத்தில் கொண்டுபோய் விட்டுவந்த அகாம்பேனே என்ற சிறு தீவைக் காட்டுவார்கள். மரபு என்றாலே போற்றத்தக்கது என்று எண்ணுவோர் அதை அவசியம் பார்க்க வேண்டும்.

அடுத்து கிசோரோ நகருக்குச் செல்லுங்கள். முகாகிங்கா பூங்காவில் பட்வா வழிகாட்டிகளே அழைத்துச் செல்லும் நடைப்பயணம் ஒன்று உண்டு. மென்மையான மரத்துண்டில் சிறு குழியிட்டு, அதில் கெட்டியான குச்சியை நிறுத்தி உள்ளங்கைகளுக்கிடையே விடாமல் உருட்டி, புகை எழுந்ததும் காய்ந்த புல்லை வைத்து ஊதி நெருப்பாக்குவதை அவர்கள் செய்துகாட்டுவார்கள். எந்தத் தழை எந்த நோய்க்கு ஆகும், தேன்கூட்டை எவ்வாறு கண்டுபிடிப்பது என்பவற்றையும் கேட்டறியலாம். நடை எரிமலைக் குழம்பால் உருவான கராமா குகையில் நிறைவுறும். பாதை செங்குத்தானது, ஆகவே மழை குறைந்த ஜூன் முதல் ஆகஸ்ட் வரையோ டிசம்பர் முதல் பிப்ரவரி வரையோ செல்வது நல்லது. அப்போதும் கம்பளிச் சட்டை வேண்டும்.

முன்பதிவு செய்யும்போது, கட்டணத்தில் பட்வா மக்களுக்குச் சேரும் பங்கு எவ்வளவு என்று வெளிப்படையாகக் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் வேறு ஏற்பாட்டாளரை நாடுங்கள். படம் எடுக்க ஒவ்வொருவரிடமும் தனித்தனியே இசைவு பெறுங்கள். குழந்தைகளுக்கு மிட்டாயோ காசோ கொடுக்க வேண்டாம். கூடைகளையும் மண்பாண்டங்களையும் செய்தவர்களிடமே வாங்குவதற்கு, உகாண்டா ஷில்லிங்கைச் சிறு தாள்களாகக் கபாலேயிலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.