பீனால்–நீர் கொத்துகளைப் புற ஊதா ஒளியால் அயனியாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனித்த பீனால் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானை அகற்ற, அதாவது அதை அயனியாக்க, ஏறத்தாழ 8.51 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும், நீருக்கோ 12.62 வேண்டும். இவ்விரண்டும் ஒட்டிச் சேர்ந்த சிறு மூலக்கூற்றுக் கூட்டமான கொத்துக்கு இடைப்பட்ட ஒரு மதிப்புதான் இருக்கும் என்று கணக்கிடுவது பலர் செய்யும் முதல் தவறு. ஒரே ஒரு நீர் மூலக்கூறு ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொண்டாலே அம்மதிப்பு 7.94 ஆகக் குறைந்துவிடுகிறது. எலக்ட்ரானை இழப்பது பீனால்தான் என்பதாலும், மின்னூட்டம் பெற்ற பீனாலை நீர் முன்னைவிட மும்மடங்குக்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்கிறது என்பதாலும், அந்தக் கூடுதல் பிணைப்பின் அளவுக்குச் செலவு மிச்சமாகிறது.

அடுத்தது, ‘புற ஊதா’ என்ற சொல்லையே போதுமானதாகக் கொள்வது. 1240ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஒரு போட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். 266 நானோமீட்டர் லேசரின் போட்டானுக்கு 4.66 மட்டுமே உண்டு. செறிந்த துடிப்பில் இரண்டு போட்டான்கள் அடுத்தடுத்து உட்கவரப்படுவதால்தான் அங்கே அயனி உண்டாகிறது. 118.2 நானோமீட்டர் ஒளியின் ஒரே போட்டானில் 10.49 இருக்கிறது என்றாலும், அதைக் குவார்ட்ஸ் சாளரமும் காற்றும் விழுங்கிவிடும். அதற்கு மெக்னீசியம் புளூரைடு அல்லது லித்தியம் புளூரைடு சாளரமும் வெற்றிடப் பாதையும் வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகமாக ஏமாற்றுவது, அயனிகளை நிறைவாரியாகப் பிரித்துச் சிகரங்களாகக் காட்டும் நிறைமாலைதான். அதில் நிறை 94இல் தெரியும் சிகரத்தைத் தனி பீனால் என்றும், 112இல் தெரிவதை ஒரு நீர் சேர்ந்த கொத்து என்றும் உடனே எழுதிவிடுகிறோம். ஆனால் 10.49 ஆற்றலில் அடித்தால், தேவைக்கு மேல் எஞ்சும் 2.55இல் ஒரு பகுதியை எலக்ட்ரான் எடுத்துச் சென்ற பிறகும் மீதி கொத்துக்குள்ளேயே தங்கி, சுமார் 0.8 வலிமையுள்ள பிணைப்பை அறுத்து நீரை உதிர்த்துவிட முடியும். அப்படி உதிர்ந்தபின் எஞ்சும் பீனால் அயனியும் 94இல்தான் வந்து நிற்கும். அலைநீளத்தை மாற்றக்கூடிய ஒளிமூலம் கையில் இருந்தால் 8.51க்கும் 8.75க்கும் இடையே ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. நன்கு குளிர்ந்த கொத்து உடைந்து பீனால் அயனியைத் தர அந்த ஆற்றல் போதாது; அதற்கு 7.94உடன், பிணைப்பை அறுக்கும் சுமார் 0.8உம் வேண்டும். ஆகவே அங்கே வரும் 94 தனி பீனாலிலிருந்து வந்ததே. சிகரங்களின் உயரத்தை அப்படியே, வெற்றிடத்தில் பாயும் மூலக்கூறுகளின் ஓட்டமான மூலக்கூற்றுக் கற்றையின் கலவை விகிதமாக எடுத்துக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

நீர் மட்டுமே உள்ள கொத்துகளை, அவற்றுக்குப் போதுமான ஆற்றலில் அயனியாக்கும்போது 36, 54 ஆகிய இடங்களை எதிர்பார்த்தவர்கள், 37, 55 ஆகியவற்றில் சிகரங்களைக் கண்டு மாதிரியில் அமிலம் கலந்துவிட்டதோ என்று ஐயுறுவதுண்டு. அயனியான நீர் மூலக்கூறு தன் புரோட்டானை அண்டை மூலக்கூறுக்குக் கொடுத்துவிட, ஹைட்ராக்சில் உறுப்பு வெளியேறுவதன் விளைவே அது. 379இல், அதாவது 21 நீர் மூலக்கூறுகளும் ஒரு புரோட்டானும் சேர்ந்த இடத்தில், சிகரம் தனித்து உயர்வதும் அந்த அயனியின் நிலைப்புத்தன்மையையே காட்டுகிறது. ஒளி படுவதற்கு முன் கற்றையில் எந்த அளவுள்ள கொத்துகள் மிகுந்திருந்தன என்பதை அதிலிருந்து கூற இயலாது.