பக்கத்து மனையில் மண் வெட்டும்போது பழைய சுண்ணாம்புக் கட்டடத்தைக் காப்பது எப்படி?

ஊட்டியில் செயின்ட் ஸ்டீபன் தேவாலயம் எழுந்த 1830இல் இந்த மலைக்குச் சிமெண்ட் வந்திருக்கவில்லை. அதற்குப் பிறகும் வெகுகாலம் மாடிக் கட்டடங்கள் சுண்ணாம்புக் காரையில்தான் எழும்பின. காரைச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், காற்றில் விட்டுவிடும். பழுதுபார்க்க வருபவர்கள் முதலில் மறப்பது இதைத்தான்.

பக்கத்தில் ஜேசிபி வருவதற்கு முன்பே எல்லாச் சுவர்களையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒட்டுங்கள். பூச்சைச் சுரண்டிவிட்டுக் கல்மேலேயே ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் பூச்சு பெயர்வதையும் சுவர் நகர்வதாகக் காட்டும். கண்ணாடி உடைந்தால் வேலையை நிறுத்தச் சொல்லிக் கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மாதக்கணக்கில் உடையவில்லையா, அது பழைய விரிசல், பதற வேண்டாம்.

உங்கள் அஸ்திவாரத்தின் அடிவிளிம்பிலிருந்து பக்கத்து மனைப் பக்கமாக, கீழ்நோக்கி 45 டிகிரியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பக்கத்துப் பள்ளம் அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தால், கட்டடம் நிற்கிற மண்ணையே உருவுகிறார்கள் என்று அர்த்தம். அங்கே முழு நீளத்தையும் ஒரே மூச்சில் வெட்ட விடாதீர்கள். சுமார் 1.5 மீட்டர் அகலத்தில், ஒன்று விட்டு ஒன்றாக வெட்டி, தடுப்புச் சுவர் எழுப்பி, அது இறுகிய பிறகே இடைப்பட்டதைத் தொட வேண்டும். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய 1.5 மீட்டருக்கு ஒரு 75 மி.மீ. குழாய், பின்னால் ஜல்லி. மழையில் சுவரைத் தள்ளுவது பெரும்பாலும் அதன் பின்னால் தேங்கும் தண்ணீர்தான்.

இனி பூச்சு. விரல் முட்டியால் தட்டினால் பொக்கென்று கேட்கிற சிமெண்ட் பூச்சை உளியால் மெதுவாக எடுங்கள், பிரேக்கர் (உடைக்கும் இயந்திரம்) வேண்டாம். சிமெண்ட் அடைத்த ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறும், உப்புப் பூக்கும், செங்கல் மாவாக உதிரும். 'வாட்டர் ப்ரூஃப்' பெயிண்டும் அதே வேலையைத்தான் செய்யும், காசுதான் கூட.

நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, குறைந்தது 2 வாரம் தண்ணீருக்கடியில் வையுங்கள். ஒரு பங்குக்கு 3 பங்கு கழுவிய மணல். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைக்கலாம். சுவரை நனைத்து, ஒரு தடவைக்கு 10 முதல் 12 மி.மீ. கனத்துக்குள் பூசுங்கள். தடித்தால் வெடிக்கும். ஒரு வாரம் ஈரச் சாக்கு தொங்கட்டும்.

உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் பூசினால் ஈரக்காரை உறைந்து பொரிந்துவிடும். மார்ச்சில் தொடங்கி, ஜூன் மழைக்குள் முடித்துவிடுங்கள்.