எம்சி/டிசி சோதனை: மூன்று நிபந்தனைக்கு நான்கு வரி

விமான மென்பொருளுக்கான டிஓ-178சி தரநிலையில் (2011) உச்ச நிலை 'ஏ': பழுதானால் விமானமே போய்விடும் என்ற வகை. அங்கே சோதனையில் கோடின் (நிரலின்) எல்லா வரியும் எல்லாக் கிளையும் ஓடினால் மட்டும் போதாது. ஒவ்வொரு நிபந்தனையும் தனியாகவே முடிவை மாற்றுகிறது என்று காட்ட வேண்டும். அதுதான் எம்சி/டிசி (மாடிஃபைட் கண்டிஷன்/டிசிஷன் கவரேஜ்; கவரேஜ் என்றால் சோதனைகள் கோடை எவ்வளவு தொட்டன என்ற அளவு).

தரை தொட்டதும் இறக்கை ஸ்பாய்லர் (விமானத்தைத் தரையில் அழுத்தி வேகம் குறைக்கும் தகடு) எழும் நிபந்தனையை எளிமையாக எடுத்துக்கொள்வோம்: (இடது சக்கரக் காலில் எடை, வலது சக்கரக் காலில் எடை இரண்டும்) அல்லது சக்கரச் சுழற்சி.

இடது, வலது, சுழற்சி → முடிவு (1 = ஆம், 0 = இல்லை)
1) 1 1 0 → 1
2) 0 1 0 → 0
3) 1 0 0 → 0
4) 1 0 1 → 1

1-2 இணையில் இடது மட்டும் மாறுகிறது, 1-3இல் வலது, 3-4இல் சுழற்சி. எட்டுச் சேர்க்கையும் வேண்டாம்.

சோதனைகளைத் தேவை ஆவணத்திலிருந்து (மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஆவணம்) எழுதுங்கள். கோடைப் பார்த்து எழுதினால் கோடில் உள்ள தப்பும் 'பாஸ்' ஆகிவிடும். கவரேஜில் ஓட்டை தெரிந்தால் உடனே ஒரு சோதனையைச் செருகி அடைக்காதீர்கள். சோதனை விட்டுப்போனதா, தேவையே எழுதப்படவில்லையா, யாரும் கேட்காத கோடா, வேண்டுமென்றே முடக்கி வைத்ததா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கவரேஜ் கருவி செருகும் கூடுதல் கோடு நேரத்தையும் நினைவகத்தையும் மாற்றும். ஆகவே அந்தக் கூடுதல் கோடு இல்லாத பில்டிலும் (தொகுத்த மென்பொருளிலும்) அதே சோதனைகளை ஓட்டி விடைகளை ஒப்பிடுங்கள்.

நிபந்தனையை ஒரு மாறியில் போட்டுவிட்டு, இஃப்-இல் அந்த மாறியை மட்டும் வைத்துக் கணக்கைக் குறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. செல்லாது. அந்த பூலியன் (ஆம்/இல்லை) மதிப்பை மாறியில் போடும் வரியும் ஒரு முடிவுதான்; அதற்கும் எம்சி/டிசி வேண்டும்.

இனி அட்டவணையின் 2ஆம் வரியைப் பாருங்கள். 1993 செப்டம்பர் 14, வார்சா. லுஃப்தான்சாவின் ஏ320 ஈர ஓடுபாதையில் வலது காலில் இறங்கியது. இடது காலில் எடை விழ ஏறக்குறைய 9 விநாடி ஆனது. தண்ணீரில் வழுக்கியதால் சக்கரமும் போதிய வேகத்தில் சுழலவில்லை. அதனால் ஸ்பாய்லர் தாமதமாகவே எழுந்தது, விமானம் ஓடுபாதையைத் தாண்டியது, இருவர் இறந்தனர். மென்பொருள் தேவையில் எழுதியபடியே நடந்தது. எம்சி/டிசி இதைப் பிடித்திருக்காது.

அதனால் அட்டவணை முடிந்ததும் முடிவு 0 வரும் வரிகளை மட்டும் தனியே எடுத்து, விமானியிடமும் சிஸ்டம் இன்ஜினியரிடமும் கொடுங்கள். ஈரத் தரை, பக்கக் காற்று, ஒரு கால் மட்டும் தரையில்: அப்போதும் 0 சரிதானா என்று கேட்டு, பதிலைத் தேவை ஆவணத்திலேயே எழுதி வையுங்கள்.